வெயிலில் காயவைத்த பாட்டு

மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து அம்மா கூழ் வற்றல் ஊற்றியிருந்தாள். வேட்டியின் ஓரத்தில், வற்றலுக்குப் பக்கத்திலேயே, நான்கு பேட்டரிக் கட்டைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. காக்கை வற்றலுக்கு வரும். கட்டையைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போகும். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து இரண்டுக்கும் காவல் இருந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆவடியில் எங்கள் குடியிருப்பில் சத்தமே இருக்காது. ஆட்கள் எல்லாரும் தொழிற்சாலைக்குள் இருப்பார்கள். மின்சார ரயில் ஒன்று அண்ணனூர் பக்கம் போகிற ஓசை மட்டும் வெகுநேரம் இழுத்துக்கொண்டே போய்த் தேயும். சூடேறிய சிமெண்டு வாசனை, வற்றலின் சீரக வாசனை. அவ்வப்போது எழுந்து போய்க் கட்டைகளைத் திருப்பிவிடுவேன். இரண்டு பக்கமும் காய வேண்டும் என்பது என் அப்போதைய விஞ்ஞானம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். தீர்ந்துபோன கட்டையை வெயிலில் வைத்தால் அதற்குக் கொஞ்சம் உயிர் வரும். புதிதுபோல் வராது. ஒரு நாளைக்கு, இரண்டு நாளைக்குக் காணும். அந்தக் கட்டைகளை நம்பித்தான் நான் ஒரு ராக் பாட்டைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

வயிற்றில் விழுந்த சத்தம்

அப்பா ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் இருந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். அவர் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. சொந்த ஊரான கோவில்பட்டியில் ஒரு ஊசியில் நூல் கோக்கக்கூடச் சலித்துக்கொண்ட அம்மா, ஆவடியில் ஒரு நாளைக்கு இத்தனை காக்கிச் சட்டைக்குக் காலர் என்று தைக்க ஆரம்பித்தாள். குடியிருப்பும் எங்களிடமே தங்கியது.

குடியிருப்புக்கு ஒரு கிளப் உண்டு. கேரம் பலகை, பழைய வாரப் பத்திரிகைகள், ஒரு இரும்பு அலமாரி நிறைய இசைக்கருவிகள். வருஷத்துக்கு ஒருமுறை கிளப் விழா. சின்ன வயதிலிருந்தே நான் மேடையோரம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். எல்லாரும் பாடுகிறவரைக் காதால் கேட்டுக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரு சத்தம் நேராக வயிற்றில் வந்து விழும். அது எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு விழாக்கள் ஆயின. ஓரமாக, யாரும் பார்க்காத இடத்தில், நீளக் கழுத்தும் நான்கே தந்தியும் உள்ள ஒரு கிடாரை ஒருவர் சும்மா நிற்பதுபோல நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பாஸ் கிடார்.

அவர் பிறகு வடக்கே மாற்றலாகிப் போனார். கிடார் அலமாரிக்குள் போனது.

இங்கே 'கண்டம்' என்கிற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசாங்கத் தொழிற்சாலையில் ஒரு பொருள் உபயோகமில்லாமல் கிடந்தால் அதைக் 'கண்டம்' என்று தள்ளி ஏலத்தில் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டு நாற்காலி கண்டத்தில் வந்தது. நான் படுத்த பெஞ்சும் அப்படியே. எங்கள் கிளப்பின் செயலாளர் சபாபதி சார் ஸ்டோர்ஸ் பகுதியில் வேலை பார்த்தவர். கண்டம் அவர் ரத்தத்தில் ஊறியது. துணி வெட்டுகிற இடத்தில் குறி போடும் நீல மெழுகுச் சாக் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். முதலில் அதனால் ஒரு பெருக்கல் குறி. கொஞ்ச நாள் பொறுத்து, நீலத்தின் மேலேயே சிவப்புப் பெயிண்ட். அதற்கப்புறம் ஏலம். கண்ணாடிக்கு மேலாக அவர் நம்மைப் பார்த்தாலே, எங்கே குறி போடப் போகிறாரோ என்று முதுகு கூசும்.

அந்தப் பொங்கலுக்குக் கோலப்போட்டி. கோலப்பொடி வாங்கக் கிளப்புக்குப் போனபோது அலமாரி திறந்திருந்தது. பாஸ் கிடாரைக் குப்புறச் சாய்த்து வைத்திருந்தார்கள். முதுகில் பெரிதாக நீலப் பெருக்கல் குறி.

"சார், இதையுமா?"

"ரெண்டு வருஷமா ஒருத்தரும் தொடலியேம்மா."

"யாராவது வாசிச்சா?"

"யார் வாசிக்கிறா?"

"நான் வாசிக்கிறேன் சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன். பச்சைப் பொய். வாழ்க்கையில் எந்தத் தந்திக் கருவியையும் நான் தொட்டதில்லை. வயது பத்தொன்பது. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே விரல் வித்தை அதுதான்.

சபாபதி சார் யோசித்தார். "சித்திரையில விழா. மேடையில வாசி. கமிட்டி பாக்கட்டும். சரியில்லேன்னா மறுநாளே பெயிண்ட். ஊழியர்னு உங்கம்மா வந்து கையெழுத்துப் போடணும்."

அம்மா வந்து கையெழுத்துப் போட்டாள். கிடாரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, உன் ஒசரம்லா இருக்கு இது? வீட்டுல எங்கன வைக்க?" என்றாள். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்து நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போயிற்று.

ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு

விழாவில் கிடார் வாசிக்கிறவன் சேகர். கள்ளிக்குப்பத்துக்காரன். அவன் அப்பா நெல் போட்ட நிலத்தில் பாதி வீட்டுமனையாகிவிட்டது. சேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினான். அவன் அண்ணனுக்கு எங்கள் தொழிற்சாலையில் வேலை, அந்த உரிமையில் கிளப்புக்கு வருவான். ஆங்கில ராக் பாட்டு என்றால் உயிரை விடுவான். பாதி வரிகளுக்கு அவனுக்கு அர்த்தம் தெரியாது. எனக்கு முக்கால் வரிக்குத் தெரியாது.

நான் வாசிக்கப் போவது தெரிந்ததும் சைக்கிளில் வந்து ஒரு கேசட்டைக் கொடுத்தான்.

"இந்தா தனம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட ரெக்கார்டிங் கடையில புடிச்சேன். ஒரு பக்கம் முச்சூடும் ஒரே பாட்டு. ஆறு வாட்டி."

"எதுக்கு ஆறு வாட்டி?"

"ரீவைண்ட் பண்ணிகினே குந்தியிருப்பியா? கடைக்காரன் என்னைப் பைத்தியம்னு நென்ச்சுகினான். நென்ச்சுக்கட்டும். இத்தக் கேளு. பாட்டு ஆரம்பிக்கிறதே பாஸுதான். மொதல்ல நீ மட்டும் தனியா. அப்பால தான் நாங்க வருவோம்."

அந்தப் பாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள். அது வேறு பாட்டாக இருக்கும். ஏன் என்று இந்த அத்தியாயம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

பீரோவின் குரல்

பாஸ் கிடாருக்கு ஆம்ப்ளிஃபையர் இல்லாவிட்டால் குரல் கிடையாது. ஆம்ப்ளிஃபையரைக் கிளப்பை விட்டு வெளியே தர மாட்டார்கள். வீட்டில் தந்தியைத் தட்டினால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் கேட்டது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, மடியில் வைத்து வாசிக்கும்போது கிடாரின் தலை எங்கள் இரும்புப் பீரோவில் தற்செயலாக முட்டியது. பீரோ முழுக்க 'ம்ம்ம்' என்றது. உள்ளே அம்மாவின் கண்ணாடி வளையல்கள் மெல்ல நடுங்கின. நான் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேடையோரம் வயிற்றில் விழுந்த அதே சத்தம், எங்கள் வீட்டுக்குள், நான் தட்டியதால்.

அன்றிலிருந்து பீரோதான் என் ஆம்ப்ளிஃபையர். பிற்பகல் நேரம், சன்னல் வழியாகப் புழுதி நிறைந்த வெளிச்சம் தரையில் நீளமாக விழும். கிடாரின் தலையைப் பீரோவில் அழுத்திக்கொண்டு, காதை அதன் கதவில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். தகரத்தின் குளிர்ச்சி கன்னத்தில் இருக்கும். வளையல்கள் கூடவே பாடும். சில சமயம் வாசித்தபடியே கண் சொக்கிவிடும். கனவிலும் விரல் நகர்ந்துகொண்டிருக்கும்.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் ஒரு வெறுமை இருந்தது. அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரோ ஒருவர் கூட இருப்பதுபோல எனக்கு இருந்தது.

டேப் ரிக்கார்டர் அப்பாவுடையது. ஒரு மழைக்காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கியதில் அதன் ஒயர் கருகிவிட்டது. பிறகு கட்டை போட்டால்தான் ஓடும். கட்டைகளை டார்ச்சிலிருந்து உருவினேன்.

"டார்ச்சுக் கட்டையெல்லாம் உன் பாட்டுத் தின்னுருது," என்று அம்மா திட்டுவாள். "கரண்டு போச்சுன்னா இருட்டுக்குள்ள தடவிக்கிட்டுத்தான் இருக்கணும். புதுக் கட்டை எல்லாம் வாங்க முடியாது, சொல்லிட்டேன்."

ஆகவே மொட்டை மாடி. ஆகவே வெயில்.

காய்ந்த கட்டையைப் போட்டதும் பாட்டு சுமாரான வேகத்தில் கிளம்பும். இரண்டாவது தடவை கொஞ்சம் சோம்பும். ஆறாவது தடவை வரும்போது பாடுகிறவர் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடப்பார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம் இருக்கும். பாடிப் பாடி அவருக்குக் களைப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சிரிக்காதீர்கள். முழுக்க நினைக்கவில்லை, பாதி நினைத்தேன். பூந்தமல்லிக் கடைக்காரர் ஆறு விதமாகப் பிடித்துத் தந்திருக்கிறார் என்பது மீதிப் பாதி.

எனக்குப் பிடித்தது ஆறாவதுதான். விரலுக்கும் அதுதான் எட்டியது.

ஆனால் என் தடித்த தந்தியின் சத்தம் அந்த ஆறாவது பாட்டை விடச் சுருதியில் மேலே நின்றது. சரி, கிடாரில்தான் கோளாறு என்று முடிவு செய்து, தலைப்பக்கத் திருகுகளைத் தளர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் இரண்டும் ஒன்றாகின. தந்திகள் தொளதொளவென்று ஆகிக் கிடாரின் கழுத்தில் பட்டு 'கறகற'வென்றன. இந்த வாத்தியத்தின் சுபாவமே இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். சொல்லித்தர ஆளில்லாதவளுக்கு எல்லாமே சுபாவம்தான்.

இன்னொன்று. வாசித்து முடித்து எழும்போதெல்லாம் என் தாவணியில், வயிற்றுப் பக்கம், நீலமாக ஏதோ ஒட்டியிருக்கும். அம்மா துவைக்கும்போது பார்த்துவிட்டாள்.

"இது எங்க கட்டிங்ல குறி போடுத சாக்குல்லா? உன் மேல எப்படிட்டி வந்துது?"

சபாபதி சாரின் குறி. மெழுகு என்பதால் லேசில் போகாது. அம்மா கல்லில் அடித்துத் தேய்த்தும் நீலம் மங்கலாக நின்றது. இருந்த மூன்று தாவணியிலும் அந்தக் கறை ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஒத்திகை. கிளப் கூடத்தில் சேகர், ட்ரம்ஸுக்கு மோசஸ், கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவதற்கு மோசஸின் தங்கை ஸ்டெல்லா. அண்ணனும் தங்கையும் கொரட்டூரிலிருந்து வந்திருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான். என்னைப் பார்த்ததும், "அப்பாடா, இன்னொரு பொண்ணு," என்றாள். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

நான் ஆரம்பித்தேன். பீரோ இல்லாமல், நிஜமான ஆம்ப்ளிஃபையரில். கூடமே அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள். பரவசத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சேகர்தான் வாயைத் திறந்தான். "இன்னாமே இது? சாவு ஊட்டுல வாசிக்கிறா மாரி கீது?"

ஸ்டெல்லா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். பிறகு என் தடித்த தந்தியைத் தட்டச் சொன்னாள். இரண்டும் ஒட்டவே இல்லை. என் கிடார் கீழே எங்கேயோ கிடந்தது.

"யார் சுருதி சேத்தாங்க?" என்றாள்.

"கேசட்டைக் கேட்டு நான்தான்."

சேகர் புருவத்தைச் சுருக்கினான். "டேப்பு கரண்டுலயா ஓடுது, கட்டையிலயா?"

"கட்டையில."

"புச்சா?"

"இல்ல. வெயில்ல காயவச்சது."

சேகர் ட்ரம்ஸ் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தான். மோசஸும் சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். மூன்று மாதம். மூன்று மாதமும் இல்லாத ஒரு பாட்டை நான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜப் பாட்டு எப்படியிருக்கும் என்று சேகர் மேசையில் தட்டிக் காட்டினான். குதிரை ஓடுவது போல் இருந்தது.

சிரித்து முடித்தபின் அவன் முகம் மாறியது. "ஆறு நாள் தான் கீது தனம். பாட்டை நீதான் ஆரம்பிக்கிறே. நீ இஸ்துகினு போனியானா நாங்க அல்லாரும் உன் பின்னாலயே வரணும். வேற வழி கெடயாது."

"வேற பாட்டு எடுத்துக்கலாமா?" என்று ஸ்டெல்லா என்னைக் கேட்டாள், பரிவாகத்தான் கேட்டாள்.

வேறு பாட்டுக்கு நான் எங்கே போவேன்? உலகத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

சேகர் திருகுகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக் கொடுத்தான். போகும்போது அலமாரியில் எட்டிப் பார்த்தேன். ஆர்மோனியம் ஒன்றின் முதுகில் சிவப்புப் பெயிண்ட் பளபளத்துக்கொண்டிருந்தது. இன்னும் காயவில்லை.

பீரோவுக்குக் காய்ச்சல்

இறுக்கிய தந்தி விரலை அறுத்தது. இரண்டாம் நாளே இடது கை நுனிகள் கன்றிச் சிவந்தன. டேப் ரிக்கார்டரைத் தொடவில்லை. அதன் பேச்சைக் கேட்டு நான் பட்டது போதும். சேகர் மேசையில் தட்டிய வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

கைகொடுத்தது டைப்ரைட்டிங்தான். அங்கே எங்கள் மாஸ்டர் வேகத்தைக் கூட்ட ஒரு வழி வைத்திருந்தார். ஒரே வரியைத் தப்பில்லாமல் பத்து முறை அடித்தால்தான் ஒரு படி வேகம் ஏறலாம். நடுவில் ஒரு எழுத்து தப்பினால் மறுபடி முதல் படி. அதையே கிடாரில் செய்தேன். இருபது மிஷின்கள் ஒன்றாகத் தடதடக்கும் அந்தக் கூடத்தில், தாவணிக்கு அடியில் தொடைமேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். ரயிலிலும் அப்படியே. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி, எனக்கு ஏதோ நரம்பு வியாதி என்று நினைத்து இடம் மாறிப் போனாள்.

வேலை முடிந்து வந்த அம்மா, பீரோவின் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்னட்டி, பீரோவுக்குக் காய்ச்சலா? இப்படி நடுங்குது?"

"இதுதாம்மா சரியான வேகம்."

"அப்பம் இம்புட்டு நாளா வாசிச்சது?"

"அது தப்பு."

அம்மா முகம் கழுவப் போனாள். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டே, "தப்பு மாதிரி தெரியலயே," என்றாள். நான் காதில் வாங்காமல் மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் முதல்முறையாகத் தப்பில்லாமல், குதிரை வேகத்தில், முழுப் பாட்டையும் வாசித்துவிட்டேன்.

விழா

சனிக்கிழமை சாயங்காலம். வானம் இன்னும் வெளுப்பாக இருந்தது. கிளப்புக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் மடக்கு நாற்காலிகள். மூன்றாம் வரிசையில் அம்மா, பக்கத்தில் அவளோடு தைக்கிறவர்கள். முன்வரிசையில் கமிட்டி, அதன் நடுவில் சபாபதி சார்.

அடுத்தது ஆங்கிலப் பாட்டு என்று அறிவித்ததும் பாதிப்பேர் டீக்கும் சுண்டலுக்கும் எழுந்தார்கள். சேகர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

காதுக்குள் ஒன்றும் இல்லை. சேகர் தட்டிய வேகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கண்ணை மூடினேன். பீரோவின் கதவு கன்னத்தில் குளிர்ந்தது. விரல் கிளம்பிவிட்டது.

ஆறாவது தடவையின் வேகத்தில்.

முதல் சுற்று முடிவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. கூட்டவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. "இஸ்துக்காதமே," என்று சேகர் உதட்டை மட்டும் அசைத்தான். மோசஸ் தூக்கிய குச்சியை அடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாளில், வேண்டுமென்றேதான் அப்படி வாசித்தேன் என்று பலரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். பொய். பயத்தில் விரல் தனக்குப் பழகிய வீட்டுக்கு ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

மோசஸ்தான் முதலில் வந்தார், மெதுவாக, தோலை வருடுகிற மாதிரி. பிறகு ஸ்டெல்லா. வேகமாகக் கத்த வேண்டிய பாட்டை அவள் அந்த நடைக்கு இழுத்துப் பாடியபோது, எனக்குப் புரியாமலிருந்த சொற்கள் ஒன்றிரண்டு முதல்முறையாகப் புரிந்தன. சேகர் கடைசியில் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக விட்டு வாசித்தான். என் சத்தம் மேடைப் பலகையில் இறங்கி உள்ளங்காலில் ஏறியது.

டீ வாங்கப் போனவர்கள் சிலர் கிளாஸோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். சிலர் திரும்பியே பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் அம்மாவின் கால் தெரிந்தது. தையல் மிஷின் மிதிப்பது போல், ஆனால் மிக மெதுவாக, அசைந்துகொண்டிருந்தது. நான் பாட்டு முடிகிறவரை அந்தக் காலைப் பார்த்தே வாசித்தேன்.

முடிந்ததும் கைதட்டல் வந்தது. பலமாக என்று சொல்ல முடியாது. சேகர் என் பக்கத்தில் வந்து, "சொதப்பிட்டே தனம்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சோக்கா சொதப்பினே," என்றான்.

நீலக் குறி

ஞாயிறு விடுமுறை போக, திங்கட்கிழமை காலை, தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன், அம்மாவும் நானும் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனோம். மேசைமேல் சிவப்புப் பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. குச்சியில் பஞ்சு சுற்றித் தயாராக வைத்திருந்தார் சபாபதி சார்.

"ராக்குன்னு சொன்னீங்க. எங்க வீட்டுக் கைக்குழந்தை தூங்கிடுச்சும்மா," என்றார். "கமிட்டியில ரெண்டு பேர் நல்லாருந்துதுன்னாங்க. ரெண்டு பேர் டீ குடிக்கப் போயிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

கிடாரை மேசைமேல் வைத்தேன். கைப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் விடுவதுபோல இருந்தது.

அவர் குச்சியைப் பெயிண்டில் தோய்த்தார். கிடாரைக் குப்புறத் திருப்பினார். குச்சி அந்தரத்தில் நின்றது.

முதுகு வெறுமையாக இருந்தது. நீலக் குறியைக் காணோம்.

"யார் அழிச்சது?" குரல் கடுமையாகிவிட்டது. ஸ்டோர்ஸ்காரரின் குறியை அழிப்பது சின்னக் குற்றமில்லை.

"நான் அழிக்கல சார்," என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அம்மா முன்னால் வந்தாள். என் தாவணியின் தலைப்பை இழுத்து, வயிற்றுப் பக்கம் இருந்த மங்கிய நீலத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"இங்கன இருக்கு சார் உங்க குறி. இவகிட்ட இருக்கது மூணு தாவணி, மூணுலயும் இருக்கு. துவைச்சுத் துவைச்சு என் கைதான் போச்சு."

சபாபதி சார் தாவணியைப் பார்த்தார். கிடாரின் முதுகைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். மெழுகுக் குறி தேய வேண்டுமானால் எத்தனை நாள் உரச வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? சட்டைப்பையிலிருந்த நீலச் சாக்கின்மேல் அவர் கை ஒருதடவை போனது. கை வெறுமனே திரும்பி வந்தது.

"குறியில்லாத பொருளுக்குப் பெயிண்ட் அடிக்க ரூல் கிடையாது," என்று சொல்லிவிட்டுக் குச்சியை டப்பாவில் போட்டு மூடினார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா. அடுத்த விழாவுக்காவது குழந்தைங்களைத் தூங்க விடாம வாசி."

சங்கு ஊதியது. அம்மா வேலைக்கு ஓடினாள். நான் என் உயரக் கிடாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆளில்லாத தெரு முழுக்க அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம். நான்கு புதுக் கட்டைகள்.

"டார்ச்சுக்குத்தான் வாங்கினேன்," என்றாள். "ஆசைக்கு ஒருக்கா போட்டுக் கேளு. நானும் கேக்கேன்."

போட்டேன். பாட்டு பாய்ந்து வந்தது. குதிரை வேகம், கீச்சென்ற குரல், பளபளவென்ற ட்ரம்ஸ். பூந்தமல்லிக் கடைக்காரர் பிடித்தபடியே, உலகம் முழுக்க எல்லாரும் கேட்டபடியே. பீரோவில் சாய்ந்து நின்ற அம்மா பாதிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"யாரு பாட்டுட்டி இது?"

"அதே பாட்டுதாம்மா."

"சும்மா இரு. நம்ம பாட்டு இது இல்ல."

டேப் ரிக்கார்டரை அவளே நிறுத்தினாள். புதுக் கட்டைகளைக் கழற்றி டார்ச்சுக்குள் போட்டாள். சன்னலோரம் கிடந்த பழைய நான்கையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாட்டி, வெயில் இருக்கும்போதே."